இரண்டாவது அடி

மகனே,

தலையில் போட்ட தையல் காய்ந்ததா, ஆற்று மடுவில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, இந்த இரண்டையும் முதலில் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து உன் தங்கச்சியுடையது, சொல் என்னுடையது. நான் பேசுகிற மாதிரியே எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், திருத்தித்தான் எழுதுவேன் என்கிறாள்; அது அவள் பாடு. ஒரு சொல்லையும் விடக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். கடிதத்தை ஒட்டாமல், திறந்தபடியே சாயங்கால பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் யாராவது படித்தால் படிக்கட்டும். பொய்யை லயத்து வீடுகள் முழுக்கப் பரவ விட்டவன், உண்மையை மட்டும் ஒட்டி அனுப்புவது நியாயமில்லை.

போன செவ்வாய்க்கிழமை நீ ரத்தம் வழிய வாசலில் வந்து நின்றாய். வேலு மாமாவின் மகன் ரவி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மீனைக் கொல்ல பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு மடுவுக்கு வந்தான், நீ மூட்டையைப் பிடுங்கிக் கரைக்கு மேலே மண்ணில் கொட்டினாய், அவன் கல்லை எடுத்தான். அதுவரை எனக்கு விளங்கியது. தையல் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டாய். "அப்பா, ரவி ஒண்ணு சொன்னான். உங்கப்பன்கிட்ட போயி ரெண்டாவது அடி எதுக்குன்னு கேட்டுட்டு வா, அப்புறமா எனக்கு மீனப் பத்திச் சொல்லுன்னான். என்னப்பா அது?" நான் வெற்றிலையை மென்றுகொண்டு தேயிலை மலையைப் பார்த்தேன். நீ எழுந்தாய். "சரி, நீங்க சொல்ல வேணாம். அடுத்த தடவ வரட்டும் அவன். ரெண்டு போட்டுட்டுத்தான் பேசுவேன்" என்று சொல்லி, கூரைச் சட்டத்தில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவி, சாக்கில் சுற்றி, மடுவுக்குத் திரும்பிப் போனாய். அந்தக் கத்தி தேயிலைச் செடியின் கட்டைவிரல் பருமன் கிளையை ஒரே வீச்சில் எடுக்கிறது. மனிதன் விரலுக்கு அவ்வளவு வேகம்கூடத் தேவையில்லை. நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகையால் இப்போது பதில் சொல்கிறேன். கேட்டுவிட்டுக் கத்தியை என்ன செய்வது என்று நீயே முடிவு செய்.

நீ இன்றைக்கு மடுக் காவலுக்கு நிற்கிற அதே இடத்தில் நானும் நின்றேன். அப்போது போன் இல்லை, தண்ணீரின் சூடு பார்க்கிற குழல் இல்லை, கட்டையைப் படம் பிடித்து அனுப்புகிற வித்தை இல்லை. ஆற்றில் ஒரு வெள்ளைக் கட்டை, அதில் அடிக்கு ஒரு கறுப்புக் கோடு, என் கையில் வாய்க்கால் பலகையைத் தூக்கவும் இறக்கவும் ஓர் இரும்பு அலவாங்கு, அவ்வளவுதான். காவலுக்கு வருவதற்கு முன்னால் நான் யார் என்று கேட்டால், அந்த ஆற்றிலேயே பெரிய பாவி நான்தான். கல்லுடைக்கிற இடத்தில் வேலை செய்தவனிடம் வெடி வாங்கி மடுவில் போட்டவன். வெடி விழுந்ததும் தண்ணீர் ஒரு தடவை வீங்கும், காலுக்குக் கீழே பாறை உதைக்கும், பிறகு வெள்ளை வயிறாக மேலே வரும். வயிறு கிழிந்தது, கண் வெளியே வந்தது, வாயால் குடலைக் கக்கியது எல்லாம் வரும். மேலே வருவதைத்தான் நாம் அள்ளுவோம். அதே அளவு அடியில் கிடந்து அழுகும். ஒரு நாள் பதுளை அரசாங்கக் கந்தோரிலிருந்து ஆற்றைப் பார்க்க வந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் என்னைக் கையோடு பிடித்தார். பொலிசுக்குக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவரோ, "உமக்குத்தானே மீன் எங்க நிக்கும் எண்டு வடிவாத் தெரியும்? நீரே காவலுக்கு நில்லும்" என்று சொல்லி வேலை கொடுத்தார்.

அவர்தான் எனக்கு அந்த மடுவின் மீனைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார். தின்னத் தெரியும், அது எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. கீழே சிங்கள ஊரில் லேல்லா என்கிறார்களே, அந்தப் பெரிய செதில் கெண்டை, மழை பிடித்ததும் கல்லுக்குக் கல் எகிறி மேலே போய் முட்டையிடும். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசி ஆறு நூலாகிற மாதங்களில் இறங்கி வந்து ஆழமான மடுவில் ஒதுங்கும். நம் பக்கத்தில் அப்படி ஒதுங்க அது ஒரே மடு. "மழை வரும் வரைக்கும் இந்த ஒரு மடுக் கிடங்கிலதான் முழு ஆத்து மீனும் நிக்குது. இதில கை வைச்சா ஆறு முழுக்கக் கை வைச்ச மாதிரி" என்றார். மடுவுக்கு மேலேயே வாய்க்கால் பிரிகிறது. பலகை தூக்கியிருந்தால் தண்ணீர் வாய்க்காலில் போய்த் தோட்டங்களுக்குப் பாயும். இறக்கினால் ஆற்றிலேயே நின்று மடுவுக்கு வரும். இன்றைக்கும் உன் வேலை அதுதான்.

அந்த வருஷம் உன் அம்மா வயிற்றில் நீ ஏழாம் மாசம். காற்று தேயிலைக் கொழுந்தைக் கருக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் மூன்றாவது கோட்டுக்கு இறங்கியதும் எனக்குப் பயம் வந்தது. தோட்டத்துக் கந்தோர் கிளாக்கர் பதுளைக்கு டெலிபோன் பேசப் போகிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் இரண்டு கேள்வி சொல்லியனுப்பினேன். தண்ணீர் எந்த அளவுக்கு வந்தால் வாய்க்காலை நிறுத்த வேண்டும்? வெடியோடு வருகிறவனைப் பிடித்தால் என்ன செய்ய வேண்டும்? மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற நேரத்தில், கிளாக்கர் படியில் நின்றுகொண்டே சத்தம் போட்டார். "மடுக் காவல்காரா! ஐயா பதில் சொல்லிட்டாரு! ரெண்டு அடி, அதோட நிப்பாட்டிறச் சொன்னாரு!"

இரண்டு கேள்விக்கு ஒரு பதில். அது எந்தக் கேள்விக்கு என்று கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் கூடையோடு நின்ற பெண்டுகள் சிரித்துவிட்டார்கள். "யாருக்கு ரெண்டு அடி?" என்றாள் ஒருத்தி. கங்காணி விடுவாரா? "எங்க வீட்டுக்காரிகிட்ட கேட்டிருந்தா நாலுன்னு சொல்லியிருப்பா. ரெண்டோட நிப்பாட்டச் சொல்றாரே, ஐயா தங்கமான மனுசன்யா!" உன் வேலு மாமா அங்கேதான் நின்றான். கவ்வாத்துக் கூட்டத்தில் அவன்தான் முதல் ஆள், தோளில் கத்தியைச் சாய்த்துக்கொண்டு எல்லோருக்கும் மேலாகச் சிரித்தான். "மச்சான், எனக்குப் போடுறதா இருந்தா மொத நாளே சொல்லிருங்க, எண்ணெய் தடவிக்கிட்டு வந்துர்றேன்!" களமே குலுங்கியது. நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் அந்த அர்த்தம் எனக்குள்ளே உட்கார்ந்துவிட்டது. கந்தோரில் எனக்கு இரண்டு அடி அடிக்க அதிகாரம் கொடுத்துவிட்டார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆற்றுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் உச்சி வெயில். பாறையில் ஒருவன் குந்தியிருந்தான், வாயில் பீடி, கையில் திரி வைத்த வெடி. காற்றின் இரைச்சலில் நான் வந்தது அவனுக்குக் கேட்கவில்லை. பீடியைத் திரிக்குக் கொண்டு போனபோது அலவாங்கால் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த சவுக்குக் கிளை முறிகிற மாதிரி. வெடி பற்றாமல் தண்ணீரில் விழுந்து முங்கிப் போயிற்று. அவன் மல்லாந்து விழுந்து என்னைப் பார்த்தான். வேலு. "மச்சான், நான்தான்யா! தங்கச்சிக்கு ஏழாம் மாசத்துச் சோறு ஆக்கணும், மீனு கேட்டுச்சு..." என்று முறிந்த கையை இன்னொரு கையால் தூக்கிக் காட்டினான்.

இனிமேல் சொல்வதுதான் உன் கேள்விக்குப் பதில், கவனமாகக் கேள். எனக்கு அப்போது கோபம் இல்லை. கோபம் முதல் அடியோடு போய்விட்டது. அவன் கையில் ஒன்றும் இல்லை, மீனுக்கு ஆபத்து இல்லை, எனக்கும் ஆபத்து இல்லை, கீழே கிடப்பது என் பெண்டாட்டியின் அண்ணன் என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்றுதான் ஆகியிருக்கிறது, இன்னும் ஒன்று இருக்கிறது என்று ஒரு நினைப்பு. சொன்ன வேலையைப் பாதியில் விட்டால் ஐயா என்ன நினைப்பார் என்று ஒரு நினைப்பு. அலவாங்கைத் தலைக்கு மேலே தூக்கி, நிதானமாகப் பார்த்து, முழங்கையில் போட்டேன். அந்தச் சத்தத்தை நான் சொல்லமாட்டேன். உன் தங்கச்சி இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கொஞ்சம் கழித்து வந்து எழுதுகிறாள்.

கொழுந்து லொறியில் போட்டுக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வளைவுக்கு வளைவு அவன் கத்தினான். பொலிஸ் வந்து கேட்டபோது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவனேதான் சொன்னான், "பாறையில வழுக்கி விழுந்துட்டேனுங்க" என்று. தன் தங்கச்சி தாலிக்காகச் சொன்னான். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். நாலு நாள் அங்கேயே கிடந்தேன். ஆற்றைப் பற்றிய நினைப்பே இல்லை. பலகை தூக்கியபடி இருந்தது, தண்ணீர் முழுக்க வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது தூரத்திலேயே காக்கைச் சத்தம். மடு முக்கால்வாசி சேறு. நடுவில் கணுக்கால் தண்ணீரில் மீன்கள் பக்கவாட்டில் படுத்து, முதுகு வெயிலில் வெந்து, செவுளை விரித்து விரித்து மூடின. காக்கைகள் உயிரோடு கண்ணைக் கொத்தின. நாய்கள் இழுத்துக்கொண்டு ஓடின. ஜனங்கள் கூடையும் தடியுமாக இறங்கி, துள்ளுவதையெல்லாம் மண்டையில் அடித்தார்கள். என் கை நீளத்துக்கு ஒரு மீன், மூன்று பேர் சுற்றி நின்று அடித்தார்கள், அது ஏழெட்டு அடிக்கும் சாகவில்லை. ஒரு கிழவி என்னைப் பார்த்து, "காவல்காரரே, ஒங்க பங்க எடுத்துக்கலையா?" என்று கேட்டாள், பாவம், அன்பாகத்தான் கேட்டாள். வெள்ளைக் கட்டையைப் பார்த்தேன். முதல் கோடே வெளியே தெரிந்தது.

மத்தியானம் யாழ்ப்பாணத்து ஐயா வந்தார். சேற்றில் செருப்போடு இறங்கி நின்றார். "ரெண்டு அடி எண்டு சொல்லி விட்டனான் எல்லோ? ஏன் பலகையை இறக்கேல்லை?"

"ரெண்டு அடி போட்டேனுங்களே ஐயா."

"என்னத்தைப் போட்டனீர்?"

"மச்சானுக்குங்க. ரெண்டே ரெண்டுதான். நீங்க சொன்னாப்புல அதோட நிப்பாட்டிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். "தண்ணிக்கெல்லோ," என்றார். "நான் சொன்னது தண்ணிக்கு. ஆளைப் பிடிச்சா கை வைக்க வேண்டாம், எனக்கு அறிவியும் எண்டெல்லோ மற்றதுக்குச் சொன்னனான்." அந்த மற்றதைக் கிளாக்கர் களத்துக்கு வருவதற்குள் மறந்துபோயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கேட்காமல் சிரித்தவன் நான். ஐயா பாறையில் உட்கார்ந்து அந்த மீன்களைப் பார்த்துவிட்டுப் போனார். மறு வாரம் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

வேலுவின் முழங்கை அதற்குப் பிறகு மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. கவ்வாத்துக் கூட்டத்தில் முதலில் போனவன் பேக்டரியில் தூசி கூட்டினான். பிறகு அதுவும் முடியாமல் வாய்க்காலுக்குக் கீழே கொஞ்ச நிலத்தில் போஞ்சிக்காய்ப் பயிர் போட்டான். உனக்குக் காது குத்துகிற அன்றைக்குத் தாய்மாமன் மடியில் உன்னை உட்கார வைத்தோம். வலது கை பிடிக்காது என்பதால் இடது கையால் உன் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். நீ அவன் விரலைக் கடித்து ரத்தம் வரவைத்தாய். "அப்பனுக்கு ஏத்த புள்ளைதான்" என்று சிரித்தான். உன் அம்மா உள்ளே போய் அழுதாள். அவளுக்கு எல்லாம் தெரியும். சாகிற வரைக்கும் நம் வீட்டில் மீன் ஆக்கவில்லையே, ஏன் என்று நீ கேட்டபோதெல்லாம் முள் குத்தும் என்று சொன்னாளே, அது இதுதான். காது குத்திய அன்று சாயங்காலம் வேலு தன் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து கூரைச் சட்டத்தில் செருகினான். "எனக்கு இனிமே இது எதுக்கு மச்சான், பய வளந்து எடுத்துக்கட்டும்" என்றான். நீ சாக்கில் சுற்றி எடுத்துப் போனது உன் மாமன் கத்தி. அதை அவன் மகன் மேலே ஓங்கப் போகிறாய்.

ரவி யோக்கியன் என்று நான் சொல்லவில்லை. மடுவில் மருந்து போடுகிறவனை நீ விடக் கூடாது, மூட்டையைப் பிடுங்கியது சரி, தேவையானால் மறுபடியும் பிடுங்கு. ஆனால் அவன் ஏன் வருகிறான் என்று பார். நீ பலகையை இறக்குகிற அன்றைக்கு அவன் போஞ்சி வாடுகிறது. நீ கட்டையைப் படம் பிடித்துப் பதுளைக்கு அனுப்புகிறாய், கூப்பிடு தூரத்தில் போஞ்சி போட்டிருக்கிற அவனுக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. இவன் அப்பன் என் அப்பனுக்குக் கையைக் கெடுத்தான், இவன் எனக்குத் தண்ணியை நிறுத்துகிறான் என்றுதான் அவனுக்குப் படும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், தம்பி: அவன் கையில் இருப்பது கீழே விழுகிற வரைக்கும் நீ செய்வது மீனுக்காக. விழுந்த பிறகு ஓங்குவது உனக்காக. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. அந்த நேரத்தில்தான் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் எழுதி முடித்ததும், இதை உனக்கு அனுப்புவதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஆள் இன்னொருவன் இருக்கிறான் என்று தோன்றியது. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வேலுவின் லயத்துக்குப் போனேன். ரவி வீட்டில் இல்லை. வேலு போஞ்சி உரித்துக்கொண்டிருந்தான், இடது கையும் பல்லுமாக. அவள் வாசலில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து படித்தாள். அவன் உரிப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும், "கணக்கு தப்பு" என்றான்.

"எது தப்பு?"

"ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க. மூணு."

"இல்ல மச்சான், சத்தியமா ரெண்டுதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"கைக்கு ரெண்டு. ஆஸ்பத்திரில நான் பொய் சொன்னேன், அது எந் தங்கச்சிக்காக. அது செத்து அஞ்சு வருசம் ஆச்சே, அதுக்கப்பறமாச்சும் ஒரு நாள் வந்து, தப்பு பண்ணிட்டேன் வேலுன்னு சொன்னீங்களா? இந்தா இருக்கு எங்க லயம், பத்து எட்டு எடுத்து வச்சா வந்துரலாம். அது எண்ணிக்கையில வராதா?"

அங்கேயே உட்கார்ந்து சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கும் அவனுக்கும். அவன் ஒரு கைப்பிடி போஞ்சியை என் முன்னால் தள்ளி, "சும்மா ஒக்காந்திருக்காம உரிங்க" என்றான். உரித்தேன். "ரவி எங்கிட்டயும் சொல்லாமத்தான் பவுடர் வாங்கியிருக்கான். ஒங்க மவன் மூட்டையப் புடுங்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. கத்தி மட்டும் வேணாம். அது என் கத்தி" என்றான்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் நானும் அவனும் மடுவுக்கு வருகிறோம். ரவியைக் கூட்டிவரப் பார்க்கிறான், வருவானா என்று தெரியவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் மழை பிடிக்கிற வரைக்கும் பகலில் நாங்கள் இரண்டு கிழவன்களும் அந்தப் பாறையில் உட்கார்ந்திருப்பதாக முடிவு. யார் மருந்தோடு வந்தாலும் முதலில் எங்களைத் தாண்ட வேண்டும். நீ கத்தியை மாமனிடம் திருப்பிக் கொடு. தண்ணீர் இரண்டரை அடிக்கு இறங்கியதும், பதுளைக்குப் படம் அனுப்புவதற்கு முன்னால், ஓடிப் போய் ரவியிடம் சொல், ஒரு நாள் அவகாசம் கொடு, போஞ்சிக்கு ஒரு தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளட்டும். அவன் உன்னைத் திட்டினால் திட்டட்டும்.

கீழே இரண்டு கைநாட்டு இருக்கிறது. கோணலாக இருப்பது மாமன் வைத்தது, இடது கை.

இரண்டாவது கோட்டுக்கு வந்ததும் பலகையை இறக்கிவிடு. ரெண்டு அடி. அதோட நிப்பாட்டு.